இறக்கிய படம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

கேள்வி கேட்டவர் நம்ம சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஓர் அக்கா. மகன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும்போது தன் பழைய சாம்சுங் டேப்லட்டை அம்மாவிடம் விட்டுப் போயிருக்கிறார். ரப்பர் தோட்டம் கைமாறி, லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) காலியாகி, ஆட்கள் திசைக்கொருவராகப் போன பிறகு, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒரு நினைவு மலர் போடலாம் என்று அக்கா பழைய படங்களைச் சேர்க்கிறார். வாட்ஸ்அப்பில் தோட்டத்துக் குழுவில் படம் வருகிறது. முகநூலில் சிலர் போடுகிறார்கள். கிள்ளானில் இருக்கும் சித்தப்பா மகன் கூகள் டிரைவ் லிங்க் ஒன்று அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றையும் இறக்கியாயிற்று; பாதி கேலரியில் காணோம், மீதிப் பாதி மூன்று மூன்று தடவை இருக்கிறது, நடுநடுவே ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம். எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி அடுக்குவது என்பதுதான் கேள்வி.

அக்கா, பதறாதீங்க. பெரும்பாலும் எதுவும் தொலைந்திருக்காது. நீங்கள் கேலரியைத் திறந்து தேடுகிறீர்கள், சிக்கல் அங்கேதான். கேலரி படங்களை வைத்திருக்கும் இடம் இல்லை. டேப்லட்டுக்குள் அங்கங்கே கிடக்கும் படங்களைத் திரட்டி ஒரே முகப்பில் காட்டும், அவ்வளவுதான். லயத்தில் கூரை ஒன்றாக இருந்தாலும் வீட்டுக்கு வீடு அடுப்பு தனி. அதுபோல ஒவ்வொரு செயலிக்கும் தனி ஃபோல்டர். ஆகவே "அந்தப் படம் எங்கே" என்று தேடாமல், "அது எந்த வழியாக வந்தது" என்று யோசியுங்கள். வழி தெரிந்தால் இடம் தெரிந்துவிடும்.

தேடுவதற்குக் கேலரியை மூடிவிட்டு 'மை ஃபைல்ஸ்' என்ற செயலியைத் திறங்கள். சாம்சுங் டேப்லட்டில் கூடவே வருவது இது. வேறு கம்பெனி டேப்லட் என்றால் பெரும்பாலும் கூகளின் 'ஃபைல்ஸ்' இருக்கும். உங்கள் மகன் டேப்லட்டை மலாயில் வைத்திருந்தால் டவுன்லோட்ஸ் என்ற இடத்தில் 'முவாட் தூருன்' என்று இருக்கும், செட்டிங்ஸ் 'தெத்தாப்பான்' என்று இருக்கும். குழம்ப வேண்டாம், சமாச்சாரம் ஒன்றுதான்.

இணையத்திலிருந்து, அதாவது குரோமில் படத்தை அழுத்திப் பிடித்து இறக்கியவை எல்லாம் 'டவுன்லோட்' ஃபோல்டரில் இருக்கும். இதில் ஒரே ஒரு எச்சரிக்கை: கூகளில் தேடும்போது வரிசையாகக் காட்டும் சின்னப் படத்தை அப்படியே இறக்காதீர்கள். அது தபால்தலை அளவுதான் வரும். படம் இருக்கும் பக்கத்துக்கே போய், பெரிதாகத் திறந்த பிறகு இறக்குங்கள்.

வாட்ஸ்அப் கதை கொஞ்சம் நீளம், உங்கள் படங்களில் பெரும்பாலானவை அந்த வழியாக வந்தவை என்பதால் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். மை ஃபைல்ஸில் 'இன்டர்னல் ஸ்டோரேஜ்', அதற்குள் 'ஆண்ட்ராய்ட்', அதற்குள் 'மீடியா', அதற்குள் 'காம்.வாட்ஸ்அப்', பிறகு 'வாட்ஸ்அப்', மறுபடியும் 'மீடியா', கடைசியில் 'வாட்ஸ்அப் இமேஜஸ்'. இவ்வளவு ஆழத்தில் இருந்தால் யார் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்ட் 11 வந்த பிறகு ஒவ்வொரு செயலியும் தன் பொருளைத் தன் எல்லைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆக்கினார்கள், அதனால் இந்த இடமாற்றம். அந்த ஃபோல்டருக்குள் 'சென்ட்' என்று ஒன்று இருக்கும்; நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பியவை அங்கே. 'பிரைவேட்' என்று இன்னொன்று இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். காணாமல் போன பாதி அதற்குள் இருந்தாலும் இருக்கும்.

காரணம் சொல்கிறேன். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'சாட்ஸ்' பகுதியில் 'மீடியா விசிபிலிட்டி' என்று ஒரு சுவிட்ச் உண்டு. காலை வணக்கம் கேலரியை நிரப்புகிறது என்று உங்கள் மகன் அதை அணைத்து வைத்திருக்கலாம். நிறையப் பிள்ளைகள் செய்வதுதான். அணைத்தால் படங்கள் இறங்கும், ஆனால் கேலரிக்குக் காட்டாத ஃபோல்டரில் போய் விழும். இப்போது சுவிட்சைப் போட்டாலும் இனி வரும் படங்கள்தான் கேலரியில் தெரியும். ஏற்கெனவே வந்தவை இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றை நீங்கள்தான் கையால் எடுத்து வெளியே வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். உங்கள் நம்பர் கைப்பேசியில்தானே இருக்கிறது? அப்படியானால் டேப்லட்டில் ஓடுவது இணைப்புச் சாதனமாகச் சேர்த்த வாட்ஸ்அப். சேர்த்த நாளுக்கு முன்பு வந்த பேச்செல்லாம் முழுதாக டேப்லட்டுக்கு வந்து சேராது. போன தீபாவளிக்குக் குழுவில் வந்த படத்தை டேப்லட்டில் தலைகீழாக நின்று தேடினாலும் கிடைக்காது, அது கைப்பேசியில் இருக்கும். குழுவின் பெயரைத் தட்டி 'மீடியா' பக்கத்தைத் திறந்தால் அந்தக் குழுவில் வந்த படம் மட்டும் மாதவாரியாக நிற்கும். கேலரியில் துழாவுவதைவிட இது எவ்வளவோ மேல். மங்கலாக, நடுவில் அம்புக்குறியோடு தெரியும் படம் இன்னும் இறங்கவே இல்லை என்று அர்த்தம். ரொம்ப நாள் கழித்துத் தட்டினால், படம் இனி கிடைக்காது, அனுப்பியவரையே கேளுங்கள் என்று சொல்லிவிடும்.

முகநூலில் 'சேவ்' செய்தவை கேலரியில் 'ஃபேஸ்புக்' என்ற ஆல்பத்தில் தனியாக நிற்கும். சில சாம்சுங் பதிப்புகளில் ஆல்பம் பக்கம் முக்கியமான ஆல்பங்களை மட்டும் காட்டி மற்றதை மறைத்துவிடும். 'வியூ ஆல்' என்பதைத் தட்டினால் வரும். டெலிகிராமில் பார்த்த படம் தானாகக் கேலரிக்கு வந்திருக்கும் என்று நம்ப வேண்டாம், 'சேவ் டு கேலரி' கொடுத்தால்தான் வரும்.

இப்போது கிள்ளான் தம்பியின் டிரைவ் லிங்க். இதில் மாட்டாத ஆள் குறைவு. ஃபோல்டரை முழுதாக உலாவியில் இறக்கினால், கூகள் எல்லாப் படத்தையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிக் கொடுக்கும். அது டவுன்லோட் ஃபோல்டரில் ஒற்றைப் பொட்டலமாகக் கிடக்கும். பொட்டலத்தைப் பிரிக்காதவரை கேலரிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. மை ஃபைல்ஸில் அதைத் தட்டி 'எக்ஸ்ட்ராக்ட்' கொடுங்கள், பக்கத்திலேயே ஒரு ஃபோல்டர் உருவாகி, படங்கள் கேலரியிலும் தெரிய ஆரம்பிக்கும். ஒருவேளை டிரைவ் செயலிக்குள்ளேயே 'அவேலபிள் ஆஃப்லைன்' என்பதைத் தட்டியிருந்தீர்கள் என்றால், அது இறக்கியதாகாது. இணையம் இல்லாதபோதும் அந்தச் செயலிக்குள் பார்க்கலாம், அவ்வளவுதான்; வெளியே எடுத்து அச்சுக்குக் கொடுக்க முடியாது.

வழிகள் இவ்வளவுதான். அடுக்குவதற்கு முன், கோப்பின் பெயரைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு படத்தைத் திறந்து மேலே இழுத்தால் விவரம் வரும். 'ஐஎம்ஜி-20240115-டபிள்யூஏ0007' என்று இருந்தால் வாட்ஸ்அப்பில் 2024 ஜனவரி 15 அன்று வந்த படங்களில் ஒன்று. 'எஃப்பி_ஐஎம்ஜி_' என்று தொடங்கி 13 இலக்க எண் இருந்தால் முகநூலிலிருந்து வந்தது. அந்த எண் வெறும் கிறுக்கல் இல்லை, 1970 ஜனவரி 1 முதல் நீங்கள் சேமித்த நொடி வரைக்குமான மில்லிநொடிக் கணக்கு. 'ஸ்கிரீன்ஷாட்' என்று தொடங்கினால் யாரோ திரையைப் பிடித்தது. எந்தப் பெயரிலும் படம் எடுத்த நாள் இல்லை, பாருங்கள். வாட்ஸ்அப்பும் முகநூலும் படத்துக்குள் கேமரா எழுதி வைக்கும் தேதியையும் இடத்தையும் கழற்றிவிடுகின்றன. உங்களுடையதோ பழைய அட்டைப் படத்தைக் கைப்பேசியால் திருப்பிப் பிடித்தது, அதில் உண்மைத் தேதி ஆரம்பத்திலிருந்தே கிடையாது. அதனால்தான் 1972இல் எடுத்த தீமிதிப் படம் கேலரியில் போன செவ்வாய்க்கிழமையில் போய் நிற்கிறது. தேதி வரிசையை நம்பி அடுக்க முடியாது.

மூன்று மூன்று தடவை வரும் படங்களுக்கு வருவோம். ஒரே படம் பெண்கள் குழு, கோயில் கமிட்டி, பழைய மாணவர் குழு என்று சுற்றி வரும்போது, நடுவில் யாராவது தம் கேலரியிலிருந்து எடுத்து மறுபடி அனுப்பினால் வாட்ஸ்அப் அதை மறுபடி சுருக்கும். பார்வைக்கு ஒன்று, கோப்பு வேறு. அதனால் இரட்டைப் படங்களைப் பிடிக்கும் கருவிகள், அச்சு அசலாக ஒன்றாக இருப்பதை மட்டும் பிடித்துவிட்டு இவற்றை விட்டுவிடும். நீங்கள் விவரத்தைத் திறந்து, எதில் பிக்சல் எண் (படம் எத்தனை புள்ளிகளால் ஆனது என்ற கணக்கு) பெரிதாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை அழிக்கலாம்.

பிக்சல் எண்ணை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. டவுனில் படம் கழுவிக் கொடுக்கும் கடை என்னுடையது. மலர் போடுகிறோம், ஆண்டு நிறைவு, அறுபதாம் கல்யாணம் என்று வருகிறவர்கள் கொண்டு வருவது எல்லாம் இந்த மாதிரிப் படங்கள்தான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கு. ஆக 4ஆர் அளவில், அதாவது நாலுக்கு ஆறு அங்குலத்தில், 300க்குச் சற்றுக் குறைந்தாலும் பிசகில்லாமல் வரும். அதையே ஏ4 முழுப்பக்கத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 140 புள்ளிகூடத் தேறாது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிராணி (தோட்டத்து எழுத்தர்) முகம் தெரியும், பின்வரிசையில் நிற்கும் பால்மரம் வெட்டுகிறவர்கள் முகம் எல்லாம் மாவாகிவிடும். மலர் போடுவதே அந்தப் பின்வரிசைக்காகத்தானே. ஸ்கிரீன்ஷாட் இன்னும் மோசம், திரையில் எவ்வளவு பிக்சலோ அதற்கு மேல் வராது. கேலக்ஸி டேப் ஏ9 மாதிரி டேப்லட்டின் திரை 1340க்கு 800 பிக்சல்தான், அதிலும் படத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை பாதி இடத்தைத் தின்றிருக்கும்.

ஆகவே முக்கியமான குழுப்படங்களுக்கு, வைத்திருப்பவரிடமே கேட்டு மறுபடி வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலேயே அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். அப்படி வந்தது வாட்ஸ்அப் இமேஜஸில் இருக்காது, 'வாட்ஸ்அப் டாக்குமெண்ட்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். படம் அனுப்பும்போது தெளிவைக் கூட்டும், 2023இல் வந்த எச்டி பொத்தானும் பரவாயில்லை. பெரியவர்களுக்கு இதையெல்லாம் போனில் விளக்குவதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் அட்டைப் படத்தை ஆல்பத்திலிருந்து உருவி, வாசல் வெளிச்சத்தில் நீங்களே பிடிப்பது சுலபம். கூடவே படத்தில் யார் யார் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

அடுக்குவது இப்படி. மை ஃபைல்ஸில் 'பிக்சர்ஸ்' ஃபோல்டருக்குள் 'மலர்' என்று உங்களுடைய ஃபோல்டர் ஒன்றை உண்டாக்குங்கள். எந்தச் செயலியின் எல்லைக்குள்ளும் அது இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். வாட்ஸ்அப்பின் ஃபோல்டரிலேயே படங்களை விட்டு வைத்தால் ஆபத்து மூன்று பக்கம். ஒரு பேச்சை அழிக்கும்போது படங்களையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும் கட்டம் டிக் செய்யப்பட்டிருந்தால் போச்சு. செயலியைக் கழற்றி மறுபடி போட்டால் அந்த இடமே துடைக்கப்படக்கூடும். இடம் பற்றவில்லை என்று மகன் வந்து சுத்தம் செய்தால் முதலில் கை வைப்பது அங்கேதான். வேண்டியதை 'காப்பி' செய்து மலர் ஃபோல்டரில் போடுங்கள், 'மூவ்' வேண்டாம். மூவ் செய்தால் வாட்ஸ்அப் பேச்சில் அந்தப் படம் திறக்காது.

உள்ளே ரொம்பப் பிரிக்காதீர்கள். கோயில், பள்ளி, வேலை, வீட்டு விசேஷம் என்று நாலைந்து ஃபோல்டர் போதும். தோட்டத்துப் பள்ளியும் பிறகு டவுனில் படித்த மகாத்மா காந்தி கலாசாலையும் கலந்து வந்தால் அதை மட்டும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெயர் வைப்பதில்தான் உழைப்பைப் போட வேண்டும். ஆண்டை முதலில் எண்ணால் போடுங்கள்: '1972 தீமிதி 01', '1972 தீமிதி 02'. பெயர் வாரியாக வரிசைப்படுத்தினால் தானாகக் காலவரிசை வந்துவிடும். ஆண்டு நிச்சயமில்லாதவற்றுக்கு '197-' என்று விட்டு வையுங்கள், யாராவது சொன்னால் நிரப்பலாம். பெயர் தமிழில் இருக்கலாம், டேப்லட்டுக்குப் பிரச்சினை இல்லை. அச்சகத்துப் பழைய கணினிகள் சிலவற்றில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும், அதற்காகத்தான் ஆண்டும் வரிசை எண்ணும் எண்ணில் இருக்கட்டும் என்கிறேன்.

கூகள் ஃபோட்டோஸில் 'ஆல்பம்' உண்டாக்கினால் அடுக்கியாயிற்று என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த ஆல்பம் பெட்டி இல்லை, பட்டியல். படம் பழைய இடத்திலேயே இருக்கும். ஆல்பத்தில் பெயர் மட்டும் சேர்ந்திருக்கும். ஆல்பத்தில்தான் இருக்கிறதே என்று பிரதானப் பக்கத்தில் அதை அழித்தால் ஆல்பத்திலும் இல்லாமல் போகும். அழித்துவிட்டால் குப்பைத்தொட்டியைப் பாருங்கள்: சாம்சுங் கேலரியில் 30 நாள் இருக்கும், கூகள் ஃபோட்டோஸில் மேகத்துக்கு, அதாவது இணையச் சேமிப்புக்கு, ஏறிய படம் 60 நாள், ஏறாதது 30 நாள்.

மேகம் என்றதும் ஒன்று. அந்த டேப்லட்டில் இன்னமும் மகனின் ஜிமெயில் கணக்குதானே? அப்படியானால் உங்கள் காலை வணக்கம் எல்லாம் அவர் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கலாம். இலவச இடம் 15 ஜிபி, அது ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூனுக்கு முன்பிருந்த 'எவ்வளவு வேண்டுமானாலும்' காலம் முடிந்துவிட்டது. நிரம்பிவிட்டால் அவருக்கு மின்னஞ்சல்கூட வராது. உங்களுக்கென்று ஒரு கணக்கு போட்டு, 'பேக்கப்' பகுதியில் மலர் ஃபோல்டரை மட்டும் டிக் செய்யுங்கள், வாட்ஸ்அப் ஃபோல்டரை விட்டுவிடுங்கள்.

காலை வணக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க உட்கார வேண்டாம். வேண்டியதை வெளியே எடுத்த பிறகு மிச்சம் எவ்வளவு இருந்தால் என்ன. இடம் பற்றவில்லை என்றால் கூகள் ஃபைல்ஸ் செயலியின் 'கிளீன்' பகுதி மீம், பழைய ஸ்கிரீன்ஷாட் வகையறாவைத் தானே திரட்டிக் காட்டும். 2017 கடைசியில் அந்தச் செயலியை விட்டபோதே இந்தியாவில் கைப்பேசிகளை நிரப்பிய காலை வணக்கப் படங்களைப் பிடிப்பதையும் ஒரு வேலையாகவே வைத்துத்தான் செய்தார்கள். காலை வணக்கம் நம் பக்கத்துத் தொல்லை மட்டும் இல்லை.

முகநூலிலிருந்து எடுக்கும் படங்களில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1948 ஜூன் 16 அன்று எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் வரக் காரணமான ஊர் இது. அதனால் பட்டாளமும் முள்வேலியும் தெரிகிற எந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் 'சுங்கை சிப்புட், 1948' என்று தலைப்புப் போட்டுச் சுற்றவிடுகிறார்கள். அந்த மாதிரிப் படத்தை இறக்கும்போதே, போட்டவர் பெயரும் தலைப்பும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தின் பெயரையே அதற்கும் வைத்துப் பக்கத்தில் போடுங்கள். ஸ்கிரீன்ஷாட் உதவுகிற ஒரே இடம் இதுதான். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத படத்தை மலரில் போடாதீர்கள். ஆர்க்கிப் நெகாராவில் (தேசிய ஆவணக் காப்பகம்) கேட்டுப் பார்க்கலாம், அல்லது தோட்டத்தில் இருந்த பெரியவர்கள் யாரிடமாவது காட்டலாம்.

உங்களுடையது ஐபேடாக இருந்தால் வழி கொஞ்சம் மாறும்: சஃபாரியில் 'சேவ் டு ஃபோட்டோஸ்' கொடுத்தது ஃபோட்டோஸில், 'டவுன்லோட்' கொடுத்தது 'ஃபைல்ஸ்' செயலியின் டவுன்லோட்ஸில். மற்றபடி மேலே சொன்ன பெயர் வைக்கும் முறை அப்படியே பொருந்தும்.

எல்லாம் அடுக்கியதும் மலர் ஃபோல்டரை ஒரு பென்டிரைவிலும் ஏற்றி வையுங்கள். டேப்லட்டில் செருகும் ஓடிஜி முனை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) 1 டிபி என்று எழுதி மலிவாக விற்கும் மெமரி கார்டு வேண்டவே வேண்டாம். அதில் உண்மையான இடம் கொஞ்சம்தான் இருக்கும். நிரம்பிய பிறகும் ஏற்றுக்கொண்டதுபோல் காட்டும், திறந்தால் படம் இருக்காது. அச்சகத்துக்கும் அந்தப் பென்டிரைவையே கொடுங்கள். "வாட்ஸ்அப்பில் தட்டிவிடுங்கம்மா" என்று சொல்வார்கள். சம்மதிக்காதீங்க அக்கா, மறுபடியும் 1600 பிக்சலுக்குப் போய் நிற்கும்.